அணைமேல் நிற்கும் பொன்னாத்தாள்

— மூணு வாரமாச்சு சின்னுசாமி, அந்தப் பொண்ணு இன்னும் ஜேடர்பாளையம் அணைமேலயே நிக்கிறா. ஆத்துக் காத்துல அவளுக்குச் சளி புடிச்சிருக்கும்னு திருச்செங்கோட்டுலருந்து ஒருத்தர் கார்டு போட்டிருக்காரு.

— நா என்ன பண்றதுங்க ஜாபர் பாய்? பேனாவ எடுத்தா பொன்னாத்தா அசைய மாட்டேங்கறா. நானும் அவகூடவே தண்ணியப் பாத்துட்டு நிக்கறேன்.

— என்னப்பா நீ! நீ எருமப்பட்டில உக்காந்துக்கிட்டு தண்ணியப் பாரு. நான் சேலத்துல பத்திரிகைய எப்படி நடத்துறது? மொத வாரம் ‘கதாசிரியருக்குக் காய்ச்சல்’னு போட்டேன். ரெண்டாவது வாரம் உன் தொடர்கதை எடத்துல கத்திரிக்காய் வறுவல் போட்டேன். மூணாவது வாரம் கோலம். நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுது. இந்தத் தடவ என்னத்தப் போடட்டும்?

— இன்னொரு கோலம் போடுங்க பாய்.

— என்ன, கிண்டலா? பதினேழு வாரம் ஓட்டமா எழுதினவனுக்குத் திடீர்னு என்ன வந்துச்சு?

— அதானுங்க தெரியல. வெடியால எந்திரிச்சு உக்காந்து பாத்தேன். மத்தியானம் எண்ணெய் மில்ல நிறுத்திப்போட்டு உக்காந்து பாத்தேன். ஒருக்கா அவள, அவமேல ஆசவெச்ச வாத்தியாரோட பஸ் ஏத்தி உட்டேன், நல்லால்ல. அவளுக்குப் பேசி வெச்ச மாமன் மகன் வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாப்பல எழுதினேன், கிழிச்சுப்போட்டேன். இப்ப ஒரே வழிதான் இருக்குது. அணைமேல நிக்கறாளா, அப்படியே ஆத்துல உழுந்தர்றா. கதையும் முடிஞ்சிரும், எனக்கும் தூக்கம் வரும்.

— அட ரப்பே! கொன்னுடாதப்பா!

— அவ உழுகமாட்டாளுங்க!

— யாரது? பாய், அங்க யாரு பொம்பள?

— எங்கூட யாருமில்லையே. நம்ம லைன்ல யாரும்மா நீ?

— எக்ஸ்சேஞ்சுங்க. நாமக்கல் ஆப்பரேட்டர். டிரங்க் காலு மூணு நிமிசம் ஆச்சு, நீட்டிக்கலாங்களான்னு கேக்க வந்தேன்.

— நீட்டும்மா, நல்லா நீட்டு. ஆனா ஒட்டுக் கேக்குறது தப்பில்லையா?

— கேக்கலீங்க சார், காதுல உழுகுது. லைன் கிளியரா இருக்குதான்னு பாக்கோணுமில்லீங்களா?

— இரு அம்மிணி. அவ உழுகமாட்டான்னு நீ எப்படிச் சொல்றே? எழுதறது நானா, நீயா?

— நீங்கதானுங்க. நா வாராவாரம் படிக்கறவ. ஒன்னு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— பதினேழு வாரமா அவ அப்பன் பேசறாரு, மாமன் பேசறாரு, வாத்தியாரு பக்கம் பக்கமாப் பேசறாரு. பொன்னாத்தா பேசினது ரெண்டே ரெண்டுதானுங்க. ‘தண்ணி வேணுங்களா’ன்னு ஒருக்கா. ‘சரிங்க’ன்னு ஒருக்கா.

— இல்லியே. எட்டாவது வாரத்துல பொரிஞ்சு தள்ளினாளே!

— அது வாத்தியாரு கண்ட கனவுங்க.

— ஹஹ்ஹா! அந்தம்மா சொல்றது நெசம் சின்னுசாமி. அத்தனை வாரமும் புரூப் பாத்தவன் நான், எனக்கே தோணல பாரு.

— சிரிக்காதீங்க பாய். அவ கூச்சப்பட்டவ, பேசமாட்டா. நா அப்படித்தான் நெனச்சு வெச்சிருக்கேன்.

— டீச்சர் டிரெய்னிங் முடிச்சவங்க உங்க பொன்னாத்தா. சேலத்துல வேல கெடச்சு, ஆர்டரக் கையில வெச்சுட்டு நிக்கறா. நாப்பது பசங்க முன்னால நின்னு பாடம் நடத்தறவளுக்குக் கூச்சமுங்களா? நீங்க அவளப் பேச உடலீங்க. அதான் நவுரமாட்டேங்கறா.

— செரி, பேசினா என்னதான் பேசுவா?

— நீங்க அவ அப்பன் ஆயிருங்க. மகளத் தேடி அணைக்கு வந்துட்டீங்க. நா பொன்னாத்தா. கேளுங்க பாக்கலாம்.

— போன்லயா? என்னுங்க பாய் இது!

— கேளேன்ப்பா. இதவிட மோசமா ஒன்னும் ஆயிடாது. எனக்குக் கத்திரிக்காய் வறுவலும் தீந்துபோச்சு.

— செரி... ம்ம்... ஏ பொன்னாத்தா! இங்க எதுக்கு வந்து நின்னுட்டிருக்கே? ஊர்ச்சனம் பாக்குது, ஊட்டுக்கு நட!

— வாரேனுங்கப்பா. ஒன்னு கேட்டுட்டு வாரேன்.

— என்ன கேக்கப்போறே? கல்யாணம் பேசியாச்சு. மாமன் மகன் என்ன சோத்துக்கில்லாதவனா? மூணு லாரி ஓடுது.

— அவரு நல்லவரா கெட்டவரான்னு நா கேக்கலீங்க. போன மாசம் எருமை வாங்கினீங்க. பல்லப் புடிச்சுப் பாத்தீங்க, நாலு தப்படி நடக்க உட்டுப் பாத்தீங்க. புது எடம் ஒத்துக்குமோ என்னமோன்னு ரெண்டு நாளு ரோசனை பண்ணுனீங்க. எங்கிட்ட ‘உனக்குச் சம்மதமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— பெத்த அப்பன் கேக்கோணுமா? உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?

— பண்ணமாட்டீங்க. அதுனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன். வேற ஆளா இருந்தா கேக்காமயே பஸ் ஏறியிருப்பேன்.

— வேலைக்குப் போவியா? மூணு லாரிக்கு மொதலாளி பொண்டாட்டி, சாக்பீசத் தூக்கிட்டு... ஏ, அழுவறியா?

— அழுவலீங்க. அழுதா முதுகத் தடவிக் குடுத்துப்போட்டு, நீங்க நெனச்சதையே செய்வீங்க. நா பேசறேனுங்க. கேளுங்க.

— என்னப்பா சின்னுசாமி? அங்க என்ன காகிதம் சரசரக்குது? பேனாவ எடுத்துட்டியா?

— எடுத்துட்டேனுங்க பாய். அவ கேக்கறது நாயந்தானுங்க. எனக்கே இப்பத்தான் உறைக்குது!

— அப்ப கதை?

— அதானுங்க கதை! சித்த சும்மாருங்க பாய், எழுதிட்டிருக்கேன். அம்மிணி, அந்த எருமை நாயத்த இன்னொருக்கா சொல்லு.

— பல்லப் புடிச்சுப் பாத்தீங்க, நாலு தப்படி நடக்க உட்டுப் பாத்தீங்க...

— ஆ, வந்துட்டுது. அப்பன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு, அவ பக்கத்துலயே குந்திக்கறானுங்க. ‘அந்தக் காயிதத்தக் குடு’ங்கறான். வாங்கித் தலகீழாப் புடிச்சுட்டுப் பாக்கறான். எழுத்துத் தெரியாதவன். பொறவு அவகிட்டயே நீட்டி, ‘எனக்குப் படிச்சுக் காட்டு’ங்கறான். அவ படிக்கறா. தண்ணிச் சத்தத்துக்கு மேல, சத்தம் போட்டுப் படிக்கறா.

— யா அல்லா! பொண்ணு அணைய விட்டு எறங்கினாளா, அதச் சொல்லு.

— எறங்கிட்டாளுங்க! அப்பனும் மவளும் பேசிட்டே நடந்து வாராங்க. பேனா நிக்காம ஓடுதுங்க. சாயங்கால பஸ்ல குடுத்து உடறேன், கண்டக்டர்கிட்ட வாங்கிக்குங்க.

— வாங்கிக்கிறேன், வாங்கிக்கிறேன். ஏம்மா, உனக்கு ஆயுசுக்கும் நம்ம பத்திரிகை இனாம். பேரச் சொல்லு.

— டியூட்டில பேரு சொல்லக் கூடாதுங்க சார்.

— அப்ப உன் ஆபீசுக்கே அனுப்புறேன். நான் வைக்கிறேன்ப்பா. பதினாலாம் பக்கத்துல எடம் ஒதுக்கச் சொல்லணும்.

— அம்மிணி, நீ வெச்சறாத. அதெல்லாம் எப்படி உனக்கு மடமடன்னு வந்துச்சு?

— மூணு வாரமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்ததுங்க. எங்கப்பங்கிட்டச் சொல்றதுக்கு. பொன்னாத்தா என்ன சொல்றான்னு பாத்துப்போட்டு நானும் அதையே சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க கதைய நிறுத்திப்போட்டீங்க.

— அட சாமி! உனக்கும் மாப்பிள்ளை பாத்தாச்சா?

— ரெண்டு அப்பனும் போன்லயே பேசி முடிச்சுட்டாங்க. அந்த லைனப் போட்டதே நாந்தானுங்க. ‘மூணு நிமிசம் ஆச்சு’ன்னு நா சொல்றதுக்குள்ள என்ற கல்யாணம் முடிவாயிருச்சு.

— உன்னையக் கேக்காமயா? எவன் அவன் மாப்பிள்ளைக்கு அப்பன்? மனுசனா அவன்? எருமைக்கு இருக்கற மரியாதை கூட இல்லியா? ஆளச் சொல்லு, நானே ரெண்டு வார்த்தை கேக்கறேன்!

— அவரு பேரு வேண்டாங்க. எங்கப்பா பேரு வேணும்னா சொல்றேன். மருதாசலம். நாமக்கல்ல பருப்பு மண்டி.

— மண்டிக்கார மருதாசலமா? அவரு பொண்ணையத்தான என்ற பையனுக்கு... வர்ற ஞாயித்துக்கெழம நாங்க நிச்சயத்துக்கு... அம்மிணி, ‘பொண்ணு என்னமோ கவர்மெண்டு வேலைல இருக்குது, கல்யாணத்தோட நின்னுக்கும்’னாரு. நானும் செரின்னுட்டேன். என்ன வேலைன்னு கூட நா கேக்கலியே!

— இப்ப உங்ககிட்டப் பேசிட்டிருக்கற வேலைதானுங்க மாமா.