சரிபார்க்கப்பட்ட முகம்

வங்கிக் கடிதம் வாங்குவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை சார். கவுண்டரில் இருப்பவரிடம் சிரித்துப் பேசினால் போதும். "கணக்கு உங்க அக்கா பேர்ல இருக்கு, நீங்க எதுக்கு அலையறீங்க?" என்று கேட்டார். "அக்கா தைக்கும், நான் அலைவேன். வேலையைப் பிரிச்சுக்கிட்டோம்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்தார்.

அக்கா குழந்தைகளுக்குக் கவுன் தைப்பாள். நான் படமெடுத்து, அவள் பெயரில் திறந்த இணையக் கடையில் விற்பேன். அதற்கு முன் ஆறு வருடம் சொந்தக்காரர்கள் வாயில் எனக்குத் தண்டச்சோறு என்றுதான் பெயர். கடை வந்தபிறகு மாமாகூட "என்ன முதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

திடீரென்று விற்பனைத் தளம் கடையை நிறுத்திவைத்தது. வங்கிக் கடிதத்தையும் ரத்து செய்த காசோலையையும் ஏற்ற வேண்டும். பிறகு கணக்குக்கு உரியவர் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேமராவில் முகம் காட்ட வேண்டும். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கெடு. தவறினால் கடையை அடியோடு மூடிவிடுவார்கள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அக்கா தையல் மெஷினிலிருந்து சரிந்து விழுந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. "ஆஸ்பத்திரி" என்று குழறினாள். எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, பன்னண்டு மணி வரைக்கும்தான்" என்றேன்.

நாற்காலியில் உட்காரவைத்து, பாதி தைத்த துணியால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினேன். தலை வாரிவிட்டேன். கடிதத்தை இடது கையில் கொடுத்தேன். இரண்டு முறை 'முகம் பொருந்தவில்லை' என்று வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்க மாட்டேன். மூன்றாவது முறை பின்னால் நின்று, விரல்களைக் கூந்தலுக்குள் மறைத்து, தொங்கிய கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்தேன். அவள் கண் மட்டும் திரை வழியாக என்னையே பார்த்தது. இப்போதும் நான் முகம் கழுவ நிமிர்ந்தால் கண்ணாடியில் அந்தக் கண்தான் முதலில் தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது சார்.

பதினொன்று நாற்பதுக்கு முகத்தை ஏற்றுக்கொண்டார்கள். மாலைக்குள் ஓர் அழைப்பு வரும், கணக்குக்கு உரியவர் பேசினால் வேலை முடிந்தது என்று செய்தி வந்தது. ஆகவே காத்திருந்தோம். அக்காவுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன், வழிந்ததைத் துடைத்துவிட்டேன், விசிறினேன். எந்தத் தம்பி இவ்வளவு செய்வான்? மூன்றரைக்கு அழைப்பு வந்தது. குரலை மெலிதாக்கி நானே பேசினேன். "ரொம்ப நன்றிம்மா" என்றாள் தளத்திலிருந்து அழைத்த பெண். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மருத்துவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நேரம் ஆகியிருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடக் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்."

ஒன்பது என்றால், இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"மூணரைக்கு டாக்டர்" என்றேன்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அக்கா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "ஊசின்னா பயம் அவளுக்கு" என்று நானே விளக்கம் சொன்னேன். ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் போய்விட்டாள்.

இவ்வளவுதான் சார், எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நேரத்தைத்தான் மாற்றிச் சொன்னேன். மற்றபடி அக்கா பெயரில் நான் கொடுத்த காகிதம் ஒன்றுகூடப் பொய் இல்லை.