பேர் சொல்லி வாங்கின சீர்

— என்னக்கா சொல்லுத, தாய்மாமன் சீர் வந்துட்டா? நான் இன்னும் பழைய குத்தாலம் ரோட்டுலல்லா நிக்கேன்!

— ஏலே இசக்கிதுரை, நீ இன்னும் வரலன்னு எனக்கும் தெரியும். ஆனா சீலை வந்துட்டு. ஒன் மருமவ சத்யபிரியா அதைக் கட்டிக்கிட்டுச் சடங்கு மணையில உக்காந்துட்டா.

— பச்சைப்பட்டு இந்தா என் மடியில இருக்கு. சந்தனம், வளையல், பழத்தட்டு அம்புட்டும் வண்டியில கெடக்கு. சீசன் கூட்டம், ஒரு அடி நகரல. அங்கன யாரு கொண்டாந்தா?

— மொதல்ல நீதான்னு நெனைச்சேன். அதே மூஞ்சி, அதே மீசை. தலையிலிருந்து தண்ணி சொட்டுச்சு. சாரல்ல நனைஞ்சிட்டான்னு துண்டு எடுக்கப் போனேன்.

— அக்கா, அந்த மூஞ்சி இன்னொருத்தனுக்குத்தான் உண்டு.

— ஆமாம்லே. ஒன்கூடப் பொறந்த இரட்டை. சிவசைலம்.

— பயமுறுத்தாத! சின்னப்பயலா இருக்கையில இதே அருவி அடிச்சிட்டுப் போனவன்.

— தண்ணிக்குள்ள கெடந்தும் ஒன்கூடவே வளந்திருக்கான். தட்டை வாங்கையில வெரல் பட்டுச்சு. பாறை கணக்கா சில்லுன்னு இருந்துச்சு.

— தெரிஞ்சுமா வாங்கின?

— வாங்காம? சபையே பாத்துக்கிட்டிருக்கு. கிதிர் முகம்மது அண்ணாச்சி மைக்கைப் பிடிச்சு, "சீர் யாரு பேருல?"ன்னு கேக்காவ. நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியாதா? சபையில சொன்ன பேருதான் கொண்டாந்தவனுக்குப் பேரு. கேட்டவங்க பந்தியில கை நனைச்சிட்டா அப்புறம் மாத்த ஏலாது. சிவசைலம்னு சொன்னா, என் புள்ள அவன் சீலையைக் கட்டினவ ஆயிருவா. அவன் கூப்பிட்ட எடத்துக்குப் போவணும்.

— அதனால?

— ஒன் பேரைச் சொன்னேன்.

— அட, பேருதானே! நான் வந்து சபையில சொல்லிக்கிடுதேன். நீ அழாத.

— பந்தி முடிஞ்சிட்டுலே. எல்லாரும் பாயாசம் குடிச்சுக் கை கழுவிட்டாவ. அவன் மட்டும் மறுசோறு கேட்டு உக்காந்திருக்கான். ஒன் பொண்டாட்டி சங்கரேஸ்வரி பரிமாறுதா.

— அவளுக்குமா ஆள் தெரியல?

— "ஏங்க, தலையைத் தொடைங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே நிக்கா. என்னை மன்னிச்சிருலே. பெத்த வயிறு. வேற வழி தெரியல எனக்கு.

— மன்னிப்பு என்னத்துக்கு? இந்தா, வண்டியை இங்கனயே போட்டுட்டு நடந்தாவது வாரேன்... என்ன இது? முன்னால நின்ன வண்டி ஒன்னையும் காணல. அக்கா, கதவு தெறக்க மாட்டேங்கு.

— ம்.

— அருவி ரோட்டுக்கே வந்த மாதிரி இரையுது. சீலை நனையுதுக்கா. உள்ள தண்ணி வருது!

— வரும்லே, சிவசைலம்.