முகத்துவாரத்து ஒசந்த சபை

செல்லியம்மாள்: கஞ்சி இல்ல. போய் உன் சபையிலயே குடி.

நாகமுத்து: சபையில கஞ்சி ஏதுமே? ரவூப் பாய் டீதான் வாங்கித் தர்றாரு...

செல்லியம்மாள்: இன்னிக்காவது முடிச்சீங்களா? முகத்துவாரத்துல மொத வலை யாரு போடறது? நம்ம தெக்குக் குப்பமா, வடக்குக் குப்பமா?

நாகமுத்து: பேசிக்கினு கீறோம்.

செல்லியம்மாள்: அதுவரைக்கும் எறா நிக்குமா? ஏரித் தண்ணி திரும்பினா அது பாட்டுக்குக் கடலுக்குப் போயிடும். ரெண்டு குப்பத்து வலையும் கரையில காயுது.

நாகமுத்து: மண்டைய ஒடச்சிக்காம உக்காந்து பேசறமே, அது பெருசில்லயா? சீமையில ஆறு நாடு. நேத்து வரைக்கும் குண்டு போட்டுக்கினு இருந்தவனுங்க. இப்போ நிலக்கரி, இரும்பெல்லாம் பொதுவுல வச்சி, அல்லாருக்கும் மேல ஒரு ஒசந்த சபை போட்டுக்கினாங்க. ரவூப் பாய் கும்முடிப்பூண்டி டேசன்ல பேப்பர் வாங்கியாந்து படிச்சிக் காட்டினாரு.

செல்லியம்மாள்: எறா யாவாரி படிச்சாரு, நீங்க தலைய ஆட்டினீங்க.

நாகமுத்து: உன் ஊட்டுக்காரன் இப்போ மெம்பருமே. கொஞ்சம் மரியாதையா...

செல்லியம்மாள்: அங்க எத்தினி மெம்பரு?

நாகமுத்து: ஒம்பது.

செல்லியம்மாள்: இங்க இன்னாத்துக்கு நீயும் வடக்குக் குப்பத்து ரங்கசாமியும் மட்டும்?

நாகமுத்து: ஒம்பது பேருக்கு டீ வாங்க முடியாதுன்னுட்டாரு பாய்.

செல்லியம்மாள்: சரி, ரெண்டே பேரு. அப்புறம் இன்னா இழுபறி? நீ நம்ம குப்பத்துக்குக் கேக்கற, அவரு...

நாகமுத்து: ஐய, கேக்கக் கூடாது. அதான் அங்க மொத சட்டமே. சபையில உக்காந்துட்டா சொந்த நாட்டுப் பேச்சக் கேக்கக் கூடாது. நாங்களும் சாமி மேல சத்தியம் பண்ணிட்டோம்.

செல்லியம்மாள்: அப்போ நீ யாருக்குப் பேசற?

நாகமுத்து: வடக்குக் குப்பத்துக்கு.

செல்லியம்மாள்: ...அவரு?

நாகமுத்து: நமக்கு. "மொத வலை தெக்குக் குப்பந்தான்"னு ஒத்தக் கால்ல நிக்கறான். நான் உடுவனா? "உங்க ஆளுங்கதான் போடணும்"னு மேசைய குத்திட்டேன்.

செல்லியம்மாள்: அவருதான் குடுக்கறாரே, வாங்கிக்கினு வாயேன்யா.

நாகமுத்து: வாங்கினா சத்தியம் இன்னா ஆவறது? அவனும் அதையேதான் சொல்றான்... ரோசக்காரன்.

செல்லியம்மாள்: நல்லா கீது. முன்னெல்லாம் "எனக்கு எனக்கு"ன்னு அடிச்சிக்கினீங்க. இப்போ "உனக்கு உனக்கு"ன்னு அடிச்சிக்கிறீங்க. புள்ளைங்க வயிறு காயறது மட்டும் மாறல.

நாகமுத்து: எனக்கு மட்டும் பேஜாரா இல்லயா? தூக்கமே வரலமே... எறா போயிட்டா மழக்காலம் வரைக்கும் எதத் தின்னறது? ஆனா நான் மொதல்ல எறங்கினா, சத்தியம் மீறினவன்னு வடக்குக் குப்பமே சிரிக்கும்.

செல்லியம்மாள்: அதுக்கு?

நாகமுத்து: கிட்ட வா... உன் தம்பிகிட்ட சொல்லு. கமுக்கமா போய் வலைய எறக்கட்டும். நான் கண்ண மூடிக்கறேன். ரங்கசாமிக்கு மட்டும் தெரியக் கூடாது... இன்னாமே சிரிக்கற?

செல்லியம்மாள்: அவன் விடிகாலையிலயே போயிட்டான்யா. ரங்கசாமி புள்ள கூட, ஒரே படகுல. பழவேற்காட்டு சந்தையில நானும் தாயாரம்மாவும் பக்கத்துப் பக்கத்துலதான கூடைய வக்கறோம்? பாதிப் பாதின்னு பேசி முடிச்சிட்டோம்.

நாகமுத்து: ரங்கசாமி பொண்டாட்டியா? அடிப்பாவி... அவனுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு சபையில உக்கார்றது?

செல்லியம்மாள்: அவருதான்யா நேத்து அந்தம்மா காதுல ஓதினாரு... "கமுக்கமா எறக்கச் சொல்லு, நாகமுத்துக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னு.