வாக்குறுதி தரக்கூடாத வேட்பாளர்

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தீயணைப்புப் படைத் தலைவர் ரோஸ்கோ பேக்லி அவர்களே, மணி அடித்தால் என் பேச்சைப் பாதியில் விட்டு ஓடக் காத்திருக்கும் படைத் தோழர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, காலையிலிருந்து நமக்காக மீன் பொரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பால் கறந்த கையோடு வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்கும் பண்ணைக்காரர்களே, என்னை எதிர்த்து நிற்கும் மதிப்பிற்குரிய கார்ல் ஓஸ்ட்ராண்டர் அவர்களே, அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

நான் நோரா ஹெல்விக். வக்கீல். லோவரி மாவட்ட விசாரணை நீதிமன்றத்தில் நீதிபதிக்கு இருப்பது ஒரே நாற்காலி. அதையும் நிரப்புவது உங்கள் வாக்குத்தான். அதற்கு நிற்பவர்கள் இருவர். ஒருவர் கார்ல். இன்னொருத்தி நான்.

சாலைப் பொறுப்புக்கு நிற்பவர் சாலை போடுவேன் என்கிறார். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் புதுக் கூரை தருவேன் என்கிறார். நீதிபதிக்கு நிற்பவள் எதைத் தருவேன் என்பாள்? யாருக்குத் தருவேன் என்பாள்? யாரிடமிருந்து எடுத்துத் தருவேன் என்பாள்? நடக்கும் வழக்கில் இன்னதுதான் தீர்ப்பு என்று நாங்கள் சொல்லக் கூடாது. விதி அது. வாயைக் கட்டிக்கொண்டு வாக்குக் கேட்கும் வேலை.

சிரிக்கிறீர்கள். பின்சுவரில் நிற்கும் ஏர்ல் டிம்மன்ஸ் அன்று சிரிக்கவில்லை.

வாக்குக் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே வரச் சொன்னார். நேராகச் சமையலறை.

"ஏம்மா, ஜட்ஜு வேலைக்கு நிக்கிற பொண்ணு நீதானே? அந்தக் குழாயத் தொற."

திறந்தேன். குழாய் இருமியது. காற்று. பிறகு கொஞ்சம் செம்மண் நிறம். பிறகு ஒன்றுமில்லை.

"எங்கப்பா போட்ட போர். குவாரிக்காரன் பள்ளத்துல பம்பு வச்சதுலேந்து இப்படித்தான் கெடக்கு. மாட்டுக்கு லாரித் தண்ணி. எனக்குக் கேன் தண்ணி. கேஸு அந்தக் கோர்ட்டுலதான் இருக்கு. நீ வந்தா பம்ப நிறுத்துவியா, மாட்டியா?"

"சொல்ல முடியாதுங்க ஐயா."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

"ரெண்டும்தான்."

"கார்ல் சொல்லிட்டாரே. மொத நாளே நிறுத்திப்புடுறேன்னாரு."

பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். புல்வெளியில் நட்டிருந்த, என் பெயர் எழுதிய தேர்தல் பலகையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

ஆம், கார்ல் சொன்னார். போன வாரம், இதே மேடையில். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். குறை சொல்லவில்லை. வறண்ட வீட்டில் வாழ்பவருக்கு ஒரு வார்த்தையும் தண்ணீர்தான்.

ஆனால் அந்த வார்த்தை என்ன செய்தது? குவாரியின் வக்கீல்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். கேட்பதற்கு முன்பே முடிவு செய்தவர் கேட்கக் கூடாது என்று மனுப் போடுவார்கள். கார்ல் ஜெயித்தாலும் அந்த வழக்கிலிருந்து விலகியே ஆக வேண்டும். வழக்கு வேறொரு மாவட்டத்து நீதிபதியிடம் போகும். நம் குழாய் இருமுவதை ஒருநாளும் கேட்காதவரிடம் போகும்.

கார்ல் ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள். "சூட்டுல சொல்லிட்டேன் நோரா" என்கிறார். நன்றி கார்ல். அதை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனம் வேண்டும்.

எனக்குக் கைதட்ட வேண்டாம். இன்னும் முடிக்கவில்லை.

ஏர்லின் மேய்ச்சல் நிலத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வீடு இருக்கிறது. போன வசந்தத்தில் அதற்குக் குடிவந்தவள் கெயில். என் அக்கா. அவள் குழாயும் இருமுகிறது. அவள் குழந்தை என் வீட்டில் குளிக்கிறது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று மனம் என்னைக் கேட்காமலே விரும்புகிறது. விரும்புகிறவள் அந்த நாற்காலியில் உட்காரலாமா? கூடாது. நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வழக்கை நான் விசாரிக்க மாட்டேன்.

கெயில் தடுத்தாள். "இப்பச் சொன்னா தோத்துருவ. ஓட்டுப் போட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்க. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

மீன் தட்டோடு நிற்கும் வெர்னா அம்மா கேட்கிறார்: "அப்போ ஒனக்கு எதுக்கும்மா ஓட்டுப் போடணும்?"

நியாயமான கேள்வி அம்மா. இந்த அரங்கில் இதைவிட நல்ல கேள்வி இன்று வராது.

குவாரி ஒரு வழக்கு. நாளை பிரிந்துபோகும் தம்பதி வருவார்கள். குழந்தை யாரிடம் என்று கேட்பார்கள். வேலி நகர்ந்தது என்று ஒருவர் வருவார். குடித்துவிட்டு வண்டியோட்டிய மகனுக்காக ஒரு தாய் வருவாள். அவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்கள்? நீதிபதியின் முகத்தை. ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று. யாரோ முந்திக்கொண்டார்களா என்று.

எங்களில் யார் ஜெயித்தாலும், வேறு மாவட்டத்திலிருந்து உங்கள் குவாரி வழக்குக்கு ஒருவர் வரப்போகிறார். அவர் குவாரி முதலாளியின் விருந்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் பொறுப்பீர்களா? அங்கேயும் கைதட்டியிருப்பார்கள். இதே அளவு உரக்கத் தட்டியிருப்பார்கள். அவர் வாய் திறக்காமல் வர வேண்டும், வந்து காது திறக்க வேண்டும் என்றுதானே கேட்பீர்கள்? அவரிடம் கேட்பதை எங்களிடமும் கேளுங்கள். கார்லிடம் கேளுங்கள். என்னிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

பொறுமை காத்த தலைவருக்கும், மீனை ஆறவிட்டுக் கேட்ட உங்களுக்கும் நன்றி. ஏர்ல் ஐயா, உங்கள் வாசலில் பிடுங்கிய பலகையைத் திரும்ப நட நான் வரமாட்டேன்.

வெளியே தீயணைப்பு லாரியின் குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கேன் கொண்டுவந்தவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசியில் கெயில் நிற்கிறாள். அவள் முறை வரும்போது வரட்டும்.

வணக்கம்.