மீனம்மாவை எங்கே இருத்தினீர்கள்?

மேடையில் கதிரை போட்டு அமர்ந்திருக்கும் தலைவர் ஐயாத்துரை அவர்களே, அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, வாங்குப் பலகையில் இருக்கும் ஆண்களே, பாயில் இருக்கும் தாய்மாரே, கடைசியாக, இல்லை, முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டும், இந்த மண்டபத்து வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருக்கும் மீனம்மாவின் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் பத்மாசனி. விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறிய நாளிலேயே வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு ஒன்பது பேரப்பிள்ளைகள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இந்தப் பேச்சை நானே எழுதினேன். நேற்று ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்து, "அக்கா, கொப்பியைத் தாங்கோ, கொஞ்சம் திருத்தித் தாறன்" என்றார். "திருத்தவேண்டியது பேச்சை இல்லைத் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் நின்றுகொண்டேதான் பேசுவேன். எனக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் விட்டது. பாயில் இருந்தால் எழும்ப முடியாது. கதிரை தருவதற்கு இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பரவாயில்லை. இன்றைக்கு நான் கதைக்க வந்ததே கதிரையைப் பற்றித்தான்.

எனக்கு முன் நான்கு பேர் பேசினீர்கள். சமூகசேவகி என்றீர்கள். தியாகி என்றீர்கள். விசுவமடுவின் விளக்கு என்றீர்கள். ஆகா! எவ்வளவு அழகான சொற்கள்! நான் கேட்கிறேன், பதின்மூன்று நாளுக்கு முன் அவர் சாகும் வரைக்கும் இந்த விளக்கை எங்கே வைத்திருந்தீர்கள்? உங்கள் வீடுகளில் எந்த இடத்தில் மீனம்மாவை இருத்தினீர்கள்?

சொல்லுங்கள். ஒருவராவது சொல்லுங்கள்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், உடுத்த உடுப்போடு மலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர் மீனம்மா. கூட வந்தது தம்பி வீரையா மட்டும். எங்கள் வயல்களில்தான் இருவரும் கூலி வேலை செய்தார்கள். அடுத்த வருடம் அறுவடைக்கு, நெல் மூடை ஏற்றிய உழவு மெசின் பெட்டியின் மேலே அவரை ஏற்றி விட்டோம். பள்ளத்தில் பெட்டி சரிந்தது. மூடையோடு மீனம்மாவும் விழுந்தார். முள்ளந்தண்டு உடைந்தது. கொழும்பில் ஒப்பரேசன் செய்து, எலும்பு வைத்துக் கட்டி அனுப்பினார்கள். மூன்று மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று துண்டுக் கடதாசியில் எழுதியும் கொடுத்தார்கள்.

அந்த மூன்று மாதத்தை அவருக்குக் கொடுக்காதவர் யார் தெரியுமா? இங்கே யாரும் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டாம். நான்தான். மூன்று மாதம் முடியுமுன், ஏழாம் கிழமையே, அவர் குடிசை வாசலில் போய் நின்று, "எடி மீனம்மா, நாற்று முத்திப் போகுது, ஒரு ரண்டு நாளைக்கு வந்து நட்டுத் தந்திட்டுப் போ" என்றேன். "அம்மா, டாக்டர் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றார். "டாக்குத்தருக்கு வயல் இருக்கே?" என்று கேட்டேன். அவர் வந்தார். இரண்டு நாள் அல்ல, ஆறு நாள் குனிந்து நட்டார். வைத்த எலும்பு ஒட்டவில்லை.

அதனால்தான் எண்பதாம் ஆண்டு இரண்டாம் தரமும் முதுகைத் திறந்தார்கள். பழைய வெட்டின் மேலே புது வெட்டு. முதல் தரத்தைவிட இரண்டாம் தரம் பொல்லாதது என்று அவரே சொல்லுவார். முதல் தரம் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாதாம். இரண்டாம் தரம் எல்லாம் தெரியுமாம்.

திரும்பி வந்த மீனம்மா என்ன செய்தார்? எங்களைச் சபித்தாரா? சபித்திருக்கலாம். நானாக இருந்தால் வேலிக்கு வேலி நின்று மண்ணை அள்ளித் தூற்றியிருப்பேன். அவரோ, இந்தப் பக்கத்தில் யாருக்கெல்லாம் முதுகிலோ இடுப்பிலோ ஒப்பரேசன் என்று கடிதம் வருகிறதோ, அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கத் தொடங்கினார். "நான் ரெண்டு தரம் போயிட்டு வந்தவ. கேக்கிறதுன்னா கேளுங்க" என்பார். அவ்வளவுதான். டாக்குத்தர் வேலை பார்க்கவில்லை. மருந்து சொல்லவில்லை. போய்வந்தவர் போகிறவருக்குச் சொல்கிற கதையைச் சொன்னார்.

எங்கள் வீடுகளில் அவருடைய சனம் வந்தால் நிலத்தில் இருக்கும், அல்லது முற்றத்தில் நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் மீனம்மாவுக்கு நிலத்தில் இருக்க முடியாது. அவருடைய முதுகு மடியாது. கதிரையை நாங்கள் கொடுக்கவில்லை. அதனால் அவர் நின்றார். நான்கு வருடம் இந்த ஊர் முற்றங்களில் நின்றுகொண்டே கதைத்தார்.

போன தை மாதம் என் வீட்டுக்கும் வந்தார். எனக்கு இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. முற்றத்தில் வந்து நின்று, "பயப்புடாதீங்கம்மா" என்றார். என் வயலில் தன் முதுகைத் தொலைத்தவர் அன்று என்னிடம் சொன்ன முதல் சொல் அது.

"ஆஸ்பத்திரி வாட்டில டாக்டர் ரெண்டு நிமிசந்தான் நிப்பாரு. அதுக்குள்ள மறந்துடும். கேக்க வேண்டியத எழுதி வச்சுக்கங்க. உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே."

"எழுத எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை" என்றேன், வெடுக்கென்று. சிரித்தார்.

"சரிங்க. எழுதுங்க. எத்தன நாள் படுக்கணும்? எந்தப் பக்கம் திரும்பலாம்? ரத்தம் குடுக்க எத்தன பேரக் கூட்டியாரணும்? எப்ப படி ஏறலாம்?"

ஒரு மணித்தியாலம் எழுதினேன். வலிக்கிறது என்பதற்குச் சிங்களத்தில் ரிதெனவா, தண்ணீருக்கு வத்துர, மெதுவாக என்பதற்கு ஹெமின். இதையும் எழுதச் சொன்னார். கொப்பியை மூடின பிறகுதான் பார்த்தேன், அவருடைய கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து வைத்தேன். என் மகன் யோகநாதன், "அம்மா, சனம் பாக்குது" என்றான். "பாக்கட்டும்" என்றேன். பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு மணித்தியாலம் பிந்திக் கொடுத்த கதிரையில் என்ன பெருமை?

இனி இன்னொரு கதிரைக்கு வருகிறேன்.

புது மூட்டு வைத்தவர் தாழ இருக்கக் கூடாது. பாயில் இருக்கக் கூடாது. கக்கூசில் குந்தக் கூடாது. குந்தினால் மூட்டு கழன்றுவிடும். எங்கள் ஊரில் குந்தாமல் இருக்கிற கக்கூஸ் எங்கே இருக்கிறது? இதை யோசித்தவர் மீனம்மா. தச்சர் ஏரம்புவிடம் போய், முதிரை மரத்தில், இருபத்தொரு அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் கை வைத்து, நடுவில் வட்டமாக வெட்டி, மூடி போட்ட ஒரு கதிரை செய்வித்தார். இரண்டு வருடத்தில் ஏழு வீடு போனது அந்தக் கதிரை. விசுவமடுவிலிருந்து தண்ணீரூற்று வரைக்கும் வீரையாவின் சைக்கிள் கரியரில் போனது.

சந்தியில் நின்ற இளந்தாரிகள் அதைப் பார்த்து என்ன சொன்னார்கள்? "சிம்மாசனம் போகுது, எழும்பி நில்லுங்கோடா!" மீனம்மா சைக்கிளுக்குப் பின்னால் தடியூன்றி நடந்தபடி, "நில்லுங்க தம்பி, நில்லுங்க. நிக்க முடியிறப்பவே நின்னுக்கங்க" என்றார். அந்தத் தம்பிமார் இன்று இந்த மண்டபத்தில் வாழைக்குலை கட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

மாதத்தில் ஒரு நாள், போய்வந்தவர்களும் போகப்போகிறவர்களும் ஒன்றாக இருந்து கதைக்க இந்த மண்டபத்தைக் கேட்டார் மீனம்மா. தலைவர் அவர்களே, நீங்கள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். "நொண்டியளுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு மண்டபமோ? இவ ஆர், டாக்குத்தரோ?" சொன்னீர்களா இல்லையா? தலையைக் குனிய வேண்டாம், தலைவரே. உங்களால் குனிய முடிகிறது என்பதும் ஒரு கொடுப்பினைதான். அதற்குப் பிறகு அவர்கள் மீனம்மாவின் குடிசை வாசலில் கூடினார்கள். பகலில் முன்வாசலால் வந்தவர்களும் உண்டு. வெட்கப்பட்டுப் பின்வேலியால் வந்தவர்களும் உண்டு. பின்வேலியால் வந்தவர்களின் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று மீனம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆனால் அவர்கள் இந்தப் பாயிலும் இந்த வாங்கிலும் இருக்கிறார்கள். இந்த மேடையில் இருப்பவர்களின் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

காய்ச்சல் வந்து நான்கு நாளில் மீனம்மா போய்விட்டார். மலேரியா. இரத்தம் எடுத்துப் பார்த்த துண்டு வீரையாவிடம் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் ஊர் என்ன சொல்கிறது? "ரண்டு தரம் வெட்டினவை, அதுதான் செத்தவா." கிணற்றடியில் இதுதான் கதை. கடையில் இதுதான் கதை. முதுகை வெட்டினால் காய்ச்சல் வருமா? அப்படியென்றால் போன மாரிக் காலத்தில் காய்ச்சலில் கிடந்த நீங்கள் எல்லோரும் எந்த முதுகை வெட்டினீர்கள்?

இந்தக் கதை சும்மா போகவில்லை. தண்ணீரூற்றில் இரஞ்சிதம் என்று ஒரு பிள்ளை. மீனம்மாவைப் போலவே முதல் ஒப்பரேசன் சரிவராமல், முள்ளந்தண்டில் இரண்டாம் தரம் செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கதையைக் கேட்டு, அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். என் மகனும், "மீனம்மாவே போய்ச் சேர்ந்திட்டா. நீங்கள் போக வேண்டாம் அம்மா" என்கிறான். எனக்கு அடுத்த மாதம் பத்தாந்திகதி. மீனம்மா என்னோடு கொழும்புக்கு வருவதாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நின்று கேட்க அவர் இல்லையே!

அதற்கு மேலே நீங்கள் செய்த இன்னொன்று. உயிரோடு இருந்தபோது ஒரு கதிரை கொடுக்காத சங்கம், செத்தவீட்டை முன்னின்று நடத்தியது. பறை, பந்தல், வெடி, ஒரு குறையும் இல்லை. செத்தவருடைய சாமான் வீட்டில் இருக்கக் கூடாது, துடக்கு, தீட்டு என்று சொல்லி, அவருடைய பாய், தடி, முதுகுக்குக் கட்டும் பட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ச் சுடலையில் எரித்தீர்கள். அவற்றோடு அந்தக் கதிரையையும் எரித்தீர்கள். நான் வரும்போது நெருப்பில் முதிரை வெடித்துக்கொண்டிருந்தது.

அது செத்தவருடைய சாமானா? ஏழு பேர் அதில் இருந்து எழும்பி நடந்தார்கள். எட்டாவதாக நான் இருக்கவேண்டிய கதிரை அது. ஒன்பதாவதாக யார் என்று உங்களில் ஒருவருக்குத் தெரியும். செத்தவரை எரிக்கத் தெரிந்த உங்களுக்கு, இருக்கிறவர்களின் காலை எரிக்கிறோம் என்று தெரியவில்லையா?

ஏரம்புவிடம் கேட்டேன். "அக்கா, புது மரம் அறுத்தால் காய ஆறு மாசம். பச்சை மரத்தில செய்தால் பிளக்கும், உங்களைக் கொண்டுபோய் நிலத்தில போடும்" என்றார். காய்ந்த முதிரை ஊரில் வேறு எங்கே இருக்கிறது என்று இருவரும் யோசித்தோம்.

நான் சொல்ல வேண்டிய உறுதிமொழி இனித்தான். நாளைக் காலை நான் பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்குப் போகிறேன். படி ஏற முடியாது, யாராவது தூக்கி விடுங்கள். இரஞ்சிதத்தின் வாசலில் போய் நிற்பேன். எனக்கு மீனம்மா சொன்னதெல்லாம் கொப்பியில் இருக்கிறது, அதை வாசித்துக் காட்டுவேன். பத்தாந்திகதி கொழும்புக்குப் போவேன். போய்வந்தவளாகத் திரும்பி வருவேன். அன்றிலிருந்து இந்த ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என் வீட்டுக்கு வாருங்கள். முன்வாசல் திறந்திருக்கும். வெட்கமாக இருந்தால் பின்வேலியிலும் நுழைந்து வர ஒரு கடப்பு விட்டிருக்கிறேன். வருகிறவர் எந்தச் சனமாக இருந்தாலும் கதிரையில்தான் இருக்க வேண்டும். என் வீட்டில் இனி ஒருவரும் நின்று கதைக்க நான் விட மாட்டேன்.

மீனம்மாவின் படத்தைப் பெரிதாக்கி இந்த மண்டபத்தில் மாட்டப் போவதாகத் தலைவர் சொன்னார். படம் வேண்டாம். சுவரில் தொங்கி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கடைசியாக எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும் என்று நோட்டீசில் போட்டிருக்கிறது. மீனம்மா உங்களுக்காக நான்கு வருடம் நின்றார். நீங்கள் இரண்டு நிமிடம் நில்லுங்கள். போதும். ஆனால் தலைவர் அவர்களே, நீங்கள் எழும்பின பிறகு திரும்ப இருக்க வேண்டாம். கூட்டம் தொடங்குமுன் நான் வந்து நூல் பிடித்து அளந்துவிட்டேன். உங்கள் கதிரை இருபத்தொரு அங்குலம். இரண்டு பக்கமும் கை இருக்கிறது. நல்லாய்க் காய்ந்த முதிரை. நடுவில் வெட்டுவதுதான் மிச்சம்.

ஏரம்பு, மரம் அறுக்கிற வாளைக் கொண்டு வாரும். வீரையா, வெளியில் நின்றது போதும், நீ உள்ளே வா, வந்து ஒரு பக்கத்தைப் பிடி.

தலைவர் அவர்களே, எழும்புங்கோ.