திரைச்சீலைமேல் பூசிய கறுப்பு

பழைய கணினியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. வீட்டுக் கேமராவுக்கு அது தாராளமாகப் போதும். என்னுடைய பழசைத் தூசி தட்டி, அலமாரிக்கு அடியில் வைத்து இணைப்புக் கொடுத்தவர் என் கணவர்தான்.

"உன்ன மாதிரியே மந்தம். வாட்ச்மேன் வேலையாவது பாக்கட்டும்."

"திருடன் வர்ற அளவுக்கு நம்மகிட்ட என்னங்க இருக்கு?"

"திருடனுக்கு யாரு வச்சா? நான் ஆபீஸ் போனப்புறம் நீ என்ன பண்றேன்னு பாக்கணும்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கூடத்தில் நான் சற்றுக் கண்ணயர்ந்தாலும் போன் வரும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, இடது கை மட்டும் மிஞ்சியது. நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். கேமராவை அவர் கட்டில் பக்கம் திருப்பினேன். படத்தில் எது அசைந்தாலும் கணினி என் போனுக்குத் தகவல் அனுப்பும். அவர் செய்த ஏற்பாடுதானே, அவருக்குத் தெரியும். கையை உயர்த்துவார். நான் கீழ்வீட்டு அக்காவுக்குப் போன் செய்வேன். அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது.

சன்னல் திரைச்சீலை அசைந்தாலும் போன் அதிரும்.

"உங்க போனுக்குத்தான் முதல்ல வைத்தியம் பாக்கணும்மா" என்றார் டாக்டர்.

கணினித் திரையில் வரும் கேமராப் படத்தில், கவனிக்க வேண்டாத இடத்தில் மவுஸால் கறுப்புப் பூசிவிட்டால், அங்கே நடப்பதைக் கணினி கண்டுகொள்ளாது. திரைச்சீலைமேல் பூசினேன். நிம்மதியாக இருந்தது. இன்னொரு நாள் அதைக் கட்டில் விளிம்புவரை இழுத்தேன். பிறகு அவர் தலையையும் தாண்டிக் கைவரை.

நேரடிப் படத்தில் அந்தக் கறுப்பு தெரியாது. அன்று சாப்பாட்டு வேளையில் திறந்து பார்த்தேன். அவர் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார்; முகம் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சிக்கியிருந்தது. கை மட்டும் கேமராவை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. போனை டப்பாமேல் சாய்த்துவைத்துச் சாப்பிட்டேன். கை இறங்கியது. டப்பாவைக் கழுவிவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பினேன்.

"கேமரா இருந்துச்சே அண்ணி, ஒரு மெசேஜ்கூடவா வரல?" என்று நாத்தனார் கேட்டாள்.

"வரலம்மா."

போனை வாங்கிப் பார்த்தாள். உண்மையிலேயே எதுவும் இல்லை. "அந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் ஏமாத்துனா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இப்போது கறுப்பை அழித்துவிட்டேன். திரைச்சீலை அசைந்தால் போன் அதிர்கிறது. ஒவ்வொரு தடவையும் உடனே எடுத்துப் பார்த்துவிடுகிறேன். கவனிக்காமல் விட்டாள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.