பேச்சியக்காவுக்கு மேலே யார்?

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் எனக்கு முன்னால் இருவர். ஏலத்தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். காய் எடுக்கிற பெண்களை மேய்க்கிற கங்காணி பேச்சியக்கா.

"யாருக்கு மேல யாருன்னு எக்செல்ல போட்டுப் பாத்தா, மேனேஜரே உங்களுக்குக் கீழதான் வர்றாருக்கா."

"ஏத்தா, என் சோலிக்கு உலை வச்சிராத."

"யாரைக் கேட்டு வேலை செய்யுறீங்கன்னு எல்லார்ட்டயும் கேட்டேன். நீங்க சூப்பர்வைசர்னு சொன்னீங்க. அவரு மேனேஜர்னாரு. மேனேஜரு உங்க பேரைச் சொல்லிட்டாரு. நீங்க சொல்லாம காய் எடுக்கச் சொல்ல மாட்டாராம். வட்டமடிக்குதுன்னு எர்ரர் காட்டுது."

"நாளைக்குத் தேவாரத்துல தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. லீவை யாருகிட்ட கேக்க?"

"சுத்தி வந்தா உங்ககிட்டதான்க்கா."

பேச்சியக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கங்காணிக் குரலை எடுத்தார்.

"தர முடியாது. நாளைக்குக் காய் எடுக்கணும்."